மூன்று அங்குலத்தின் விலை என்ன?

டெல்லியிலோ மும்பையிலோ பணிபுரியும் ஒருவர், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு விமானச் சீட்டு எடுக்க முற்படும்போது இன்று ஒரு புதிய கேள்வி குறுக்கிடுகிறது. முன்பெல்லாம் எகானமி, பிசினஸ் என்று இரண்டே வகுப்புகள்தாம். பிசினஸ் வகுப்பின் விலையைப் பார்த்ததுமே நடுத்தரக் குடும்பத்தவர் அதைக் கடந்துவிடுவர். இப்போது இரண்டுக்கும் நடுவே ‘பிரீமியம் எகானமி’ என்ற மூன்றாவது கட்டம் கண்ணில் படுகிறது. எட்டாத விலை அன்று. ஆனால், எளிதாகக் கொடுத்துவிடக் கூடிய விலையும் அன்று. ‘அம்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டாயிரம், மூவாயிரம் கூடப் போனால்தான் என்ன?’ என்று மனம் சொல்கிறது. அந்தக் கூடுதல் தொகைக்குக் கிடைப்பது என்ன என்பதை அறிந்து முடிவெடுப்பவர்கள் குறைவு.

இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூற முடியாது. ஆனால், கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். அந்தக் கணக்கைத் தென்காசி மாவட்டத்தின் கடையத்திலிருந்து புறப்படும் ஒரு பயணியின் இடத்தில் நின்று போட்டுப் பார்ப்பது பயன் தரும். பெருநகரவாசியின் பயணம் விமான நிலையத்தில் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழ்பவரின் பயணமோ அதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. வசதிக்கு எங்கே பணம் செலவிட வேண்டும் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

நடுவகுப்பு வந்த கதை

விமானங்களில் இந்த நடுவகுப்பு 1990-களின் தொடக்கத்தில் தோன்றியது. தைவானின் ஈவா ஏர், பிரிட்டனின் வெர்ஜின் அட்லாண்டிக் ஆகிய நிறுவனங்கள் 1992-இல் இதை அறிமுகப்படுத்தின. பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கடல் கடந்து பறக்கும் பயணிகளே அன்று இதன் இலக்கு. பிசினஸ் வகுப்புக்குப் பணம் தர நிறுவனம் முன்வராத அலுவலர், எகானமியில் இரவு முழுவதும் முடங்கிக் கிடக்க விரும்பாத குடும்பத்தினர் ஆகியோருக்காக உருவானது அது.

இந்திய உள்நாட்டு வான்வழியில் இந்த வகுப்பைக் கொண்டுவந்தது விஸ்தாரா. 2015 ஜனவரி 9 அன்று டெல்லி–மும்பை இடையே முதல் விமானத்தை இயக்கிய அந்நிறுவனம், தொடக்கம் முதலே பிசினஸ், பிரீமியம் எகானமி, எகானமி என மூன்று வகுப்புகளை வைத்திருந்தது. தொடக்கத்தில் 148 இருக்கைகள் கொண்ட அதன் விமானத்தில் 36 இருக்கைகள் நடுவகுப்புக்கு ஒதுக்கப்பட்டன. பின்னர் அந்த எண்ணிக்கை 24 ஆகக் குறைக்கப்பட்டது. உள்நாட்டுச் சந்தை இந்த வகுப்பை எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதுவே ஒரு குறிப்பு.

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா, ஏர் இந்தியாவுடன் இணைந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே ஏர் இந்தியா தன் ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களில் இதே ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது: 8 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி, 132 எகானமி என மொத்தம் 164 இருக்கைகள். குறைந்த கட்டணத்துக்குப் பெயர்பெற்ற இண்டிகோவும் ஒதுங்கி நிற்கவில்லை. 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் ‘ஸ்டிரெச்’ என்ற பெயரில் 12 பெரிய இருக்கைகளை அறிமுகப்படுத்தி, பின்னர் பிற பெருநகரத் தடங்களுக்கும் விரிவுபடுத்தியது.

ரயிலை அறிந்த நமக்கு இந்த நடுவகுப்பு புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடையே ‘இண்டர் கிளாஸ்’ என்றொரு வகுப்பு இருந்ததை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மூன்றாம் வகுப்பின் நெரிசலுக்கு அஞ்சியவர்கள், இரண்டாம் வகுப்புக்கு வசதியில்லாதவர்கள் அதில் ஏறினார்கள். விடுதலைக்குப் பின் வகுப்புகள் சீரமைக்கப்பட்டபோது அது மறைந்தது. 1974-இல் மூன்றாம் வகுப்பும் நீக்கப்பட்டது. வகுப்புகளின் பெயர் மாறினாலும், நடுவே ஒரு படியை அமைத்து வருவாய் பார்க்கும் உத்தி மட்டும் மாறவில்லை.

ஒரே பெயர், வெவ்வேறு பொருள்

பிரீமியம் எகானமி குறித்து முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பெயருக்கு நிலையான அளவு கிடையாது என்பதுதான்.

இருக்கையின் வசதியை அளக்க விமானத் துறையில் ‘பிட்ச்’ என்றொரு அளவு உண்டு. ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம் அது. பலரும் நினைப்பதுபோல் கால் நீட்டக் கிடைக்கும் வெற்றிடம் அன்று. முதுகுச் சாய்மானத்தின் தடிமனும் அதில் அடக்கம். இந்திய உள்நாட்டு விமானங்களின் எகானமி வகுப்பில் இது பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம் வரை இருக்கும். ஏர் இந்தியாவின் ஏ320 நியோ விமானத்தில் பிரீமியம் எகானமியின் அளவு 32 அங்குலம். சாய்மானம் 4 அங்குலம் பின்னே சாயும். ஆக, கூடுதலாகக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ மூன்று அங்குலம். ஒரு தீப்பெட்டியின் நீளத்தைவிட அதிகம். உள்ளங்கையின் அகலத்துக்குச் சமம்.

அகலம்? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏ320 ஒற்றை நடைபாதை விமானம். அதன் எகானமியில் நடைபாதையின் இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். பிரீமியம் எகானமியிலும் அதே மும்மூன்று இருக்கைகள். வரிசைக்கு ஆறு பேர் என்பது மாறாதபோது தோளுக்குத் தோள் கிடைக்கும் இடமும் பெரிதாக மாற வழியில்லை. நடு இருக்கையும் அப்படியே இருக்கிறது. கூடுதல் பணம் செலுத்திய பிறகும் இருவருக்கு நடுவே அமரும் நிலை நேரலாம்.

வெளிநாடு செல்லும் பெரிய விமானத்தில் இதே பெயரின் பொருள் வேறு. ஏர் இந்தியாவின் ஏ350 விமானத்தில் பிரீமியம் எகானமி இருக்கைகள் 2-4-2 என்ற அமைப்பில் உள்ளன. வரிசை இடைவெளி 38 அங்குலம். ஒரே நிறுவனம், ஒரே பெயர். ஆனால், ஆறு அங்குல வேறுபாடு. துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த உறவினர், ‘பிரீமியம் எகானமி அருமையாக இருந்தது’ என்று சொன்னதை நம்பி உள்நாட்டுப் பயணத்துக்கு அதே வகுப்பில் சீட்டு எடுப்பவர், அவர் சொன்ன இருக்கையைக் காணப்போவதில்லை.

இண்டிகோவின் ‘ஸ்டிரெச்’ இன்னொரு வகை. அங்கே வரிசைக்கு நான்கு பேர் மட்டுமே; இடைவெளி 38 அங்குலம்; இருக்கையின் அகலம் 21 அங்குலத்துக்கும் சற்று அதிகம். நடு இருக்கை என்பதே இல்லை. பெயர் எதுவானாலும் இது பழைய உள்நாட்டு பிசினஸ் வகுப்பை ஒத்தது.

எனவே, வகுப்பின் பெயரைப் பாராமல் இரண்டு எண்களைக் கேட்க வேண்டும். வரிசைக்கு எத்தனை இருக்கைகள்? வரிசைகளுக்கு இடையே எத்தனை அங்குலம்?

இடத்துக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு?

இந்த இரண்டு எண்களைக் கொண்டு யாரும் வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம்.

எகானமியின் இடைவெளியை 29 அங்குலம் என்று கொள்வோம். வரிசைக்கு ஆறு பேரே அமரும் 32 அங்குல பிரீமியம் எகானமியில் ஒரு பயணி எடுத்துக்கொள்ளும் தரைப்பரப்பு சுமார் 10 விழுக்காடு அதிகம். எகானமி 28 அங்குலமாக இருந்தால் அது 14 விழுக்காடு. வேறு விதமாகச் சொன்னால், 24 பேர் அமரும் நான்கு வரிசைகளுக்கு நிறுவனம் விட்டுக்கொடுக்கும் கூடுதல் இடம் ஒரு வரிசையில் பாதிதான்; அதாவது, மூன்று இருக்கைகள் போட்டிருக்கக்கூடிய இடம். ஸ்டிரெச் போன்ற நான்கு பேர் வரிசையில், 38 அங்குல இடைவெளியுடன், ஒரு பயணி எடுத்துக்கொள்ளும் இடம் எகானமியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

இடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், முதல் வகைக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் கட்டணமும் இரண்டாம் வகைக்கு இரு மடங்குக் கட்டணமும் நியாயமானவை. அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் உணவு, முன்னுரிமை, கூடுதல் பெட்டி எடை, பயணத் தேதியை மாற்றும் வசதி ஆகியவற்றுக்காகத் தரப்படுவது. அவை தேவைப்படுபவருக்கு அது நல்ல பேரம். தேவைப்படாதவருக்கு வீண் செலவு.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரி மாற்றத்தில் எகானமி வகுப்பின் வரி 5 விழுக்காடாகவே தொடர்கிறது. எகானமி அல்லாத வகுப்புகளுக்கோ 12 விழுக்காடாக இருந்த வரி 18 ஆக உயர்ந்தது. பெயரில் எகானமி இருந்தாலும், வரிக் கணக்கில் பிரீமியம் எகானமி பிசினஸ் வகுப்பின் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. எகானமியின் அடிப்படைக் கட்டணம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 விழுக்காடு வரியுடன் 6,300 ரூபாய். பிரீமியம் எகானமிக்கு நிறுவனம் நியாயமாக 12 விழுக்காடு மட்டும் உயர்த்தி 6,720 ரூபாய் கேட்கிறது என்று கொண்டால், 18 விழுக்காடு வரியுடன் அது ஏறத்தாழ 7,930 ரூபாய் ஆகிறது. பயணி கூடுதலாகச் செலுத்துவது 1,630 ரூபாய். அதில் விமான நிறுவனத்துக்குப் போவது 720 ரூபாய். அரசுக்குப் போவது 910 ரூபாய். மூன்று அங்குலத்தைத் தந்தவரைவிட, தராதவர் அதிகம் பெறுகிறார்!

நிறுவனச் செலவில் பயணிப்பவருக்கு இந்தச் சுமை இல்லை. சரக்கு, சேவை வரிப் பதிவு எண்ணைக் கொடுத்துச் சீட்டு எடுக்கும் நிறுவனம், அலுவல் பயணத்துக்குச் செலுத்திய வரியைத் தன் வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ள முடியும். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ இயங்குகிறது. அதுபோன்ற ஒரு நிறுவனத்தின் பொறியாளர் அலுவல் நிமித்தம் டெல்லிக்குப் பறந்தால் வரி உயர்வு யாரையும் பெரிதாக உறுத்தாது. அவருடைய தாயார் சொந்தச் செலவில் அதே விமானத்தில், அதே வரிசையில் பறந்தால் முழு வரியையும் சுமப்பது அந்தக் குடும்பம்தான். வசதியாக அமர வேண்டிய தேவை இருவரில் யாருக்கு அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடையத்திலிருந்து டெல்லி வரை

இப்போது கடையத்துப் பயணிக்கு வருவோம். செல்லம்மா பாரதி பிறந்த ஊராகவும், 1918-இல் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார் வந்து தங்கிய ஊராகவும் தமிழர்கள் அறிந்த ஊர் இது. ரயில் நிலையம் உண்டு. விமான நிலையத்துக்குத்தான் நெடுந்தூரம் போக வேண்டும்.

அம்பாசமுத்திரம், திருநெல்வேலி வழியாக வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம் சுமார் 80 கிலோமீட்டர். தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்தால் திருவனந்தபுரம். அது 100 கிலோமீட்டருக்கும் மேல். மதுரை அதைவிடவும் தொலைவு. எப்படிப் போனாலும், இரண்டு முதல் நான்கு மணி நேரம் காரிலோ பேருந்திலோ கழியும்.

தூத்துக்குடி விமான நிலையம் அண்மையில் பெரிதும் மாறியிருக்கிறது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டது. 17,340 சதுர மீட்டர் பரப்பளவு கொண்ட புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைத்தார். ஆனால், சென்னைக்கும் பெங்களூருவுக்கும் அங்கிருந்து வழக்கமாகப் பறந்துவருபவை ஏ.டி.ஆர். என்ற சுழல்விசிறி விமானங்கள். அவற்றில் ஒரே வகுப்புதான். பிரீமியம் எகானமி வேண்டுமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: ஏ.டி.ஆர். விமானத்தில் இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள்தாம். நடு இருக்கை என்ற தொல்லை கிடையாது. பெரிய விமானத்தில் பிரீமியம் எகானமிகூட உறுதியளிக்காத வசதி இது.

டெல்லி செல்ல வேண்டிய கடையத்துக்காரர் தூத்துக்குடியிலிருந்து சென்னை போய், அங்கே காத்திருந்து, இரண்டாம் விமானத்தில் ஏறலாம். அந்த இரண்டாம் விமானத்துக்கு மட்டும் பிரீமியம் எகானமி எடுத்தால், அவருடைய பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவான பகுதியே வசதியாக அமையும். மாறாக, திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானத்தில் எகானமியில் சென்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறக்க வேண்டியிருக்கும். ஆனால், மாறி ஏறும் அலைச்சலும் இடையில் காத்திருக்கும் நேரமும் மிச்சம். முழங்கால் வலி உள்ளவரை வாட்டுவது இருக்கையின் மூன்று அங்குலக் குறைவைவிட, முனையத்தின் நீண்ட நடையும் பேருந்திலிருந்து விமானத்தின் படிக்கட்டில் ஏறுவதும்தான். அவற்றை ஒரு முறையோடு முடித்துக்கொள்வது எந்த வகுப்பு உயர்வையும்விட மேலானது. சக்கர நாற்காலி உதவி தேவையென்று சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்துவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

மூவாயிரம் ரூபாயைக் கூடுதலாகச் செலவிட ஒரு குடும்பம் தயாராக இருந்தால், அதை வானத்தில் செலவிடுவதா, சாலையில் செலவிடுவதா என்றும் யோசிக்க வேண்டும். நள்ளிரவில் பேருந்து மாறி விமான நிலையம் சேர்வதற்குப் பதிலாக வாசலிலிருந்து ஒரு வாடகைக் கார். அதிகாலை விமானத்துக்கு முன்னிரவில் விமான நிலையம் அருகே ஓர் அறை. அல்லது நடுப்பகலில் புறப்படும், சற்று விலை கூடிய விமானம். இவை தரும் ஓய்வு பல மணி நேரத்துக்குரியது.

யாருக்கு ஏற்றது?

பயண நேரமே முதல் அளவுகோல். விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் சாய்மானத்தை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஒரு மணி நேரப் பயணத்தில் அந்த நேரத்தையும் உணவு பரிமாறும் நேரத்தையும் கழித்தால், சாய்ந்து அமர எஞ்சுவது அரை மணி நேரம். சென்னை–பெங்களூரு, சென்னை–கொச்சி போன்ற தடங்களில் இதற்காகக் கூடுதல் கட்டணம் தருவது பொருளற்றது. இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களில்தான் கேள்வியே எழுகிறது.

உடல்நலக் காரணம் அடிக்கடி சொல்லப்படுகிறது. நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு என்பது மெய்தான். ஆனால், உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு முடிவுகளின்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பயணங்களில்தான் அந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. காரணம், அசையாமல் இருப்பது. அது காரிலும் பேருந்திலும் ரயிலிலும் நேரும். இந்தியாவுக்குள் பறக்கும் நேரடி விமானங்களில் நான்கு மணி நேரத்தை எட்டுபவை மிகச் சில. இடையே எழுந்து நடப்பது இதற்கு எளிய மருந்து; அதற்கு நடைபாதையோர இருக்கை போதும். ஏற்கெனவே இரத்த உறைவு ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவரைக் கேட்பது முறை.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் சிலருக்குப் பிரீமியம் எகானமி உண்மையிலேயே பயன்படும். ஆறடிக்கு மேல் உயரமானவருக்கு முன்னிருக்கையில் முழங்கால் இடிப்பதும் இடிக்காமல் இருப்பதும் அந்த மூன்று அங்குலத்தில்தான் இருக்கிறது. முழங்காலை முழுமையாக மடக்க முடியாத முதியவர்களுக்கும் அப்படியே. பயணத் தேதி மாறக்கூடும் என்ற நிலையில் இருப்பவர், எகானமியின் மலிவுக் கட்டணத்தில் ரத்துக் கட்டணமாக இழப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூடுதல் எடை கொண்டுசெல்பவருக்கும் இது பொருந்தும். உள்நாட்டு விமானங்களில் மலிவான எகானமிச் சீட்டுக்கு இலவசமாக அனுமதிக்கப்படும் பெட்டியின் எடை பொதுவாக 15 கிலோ. ஏர் இந்தியாவும் 2024-இல் தன் மலிவுக் கட்டணப் பிரிவுகளில் அந்த அளவுக்கு இறங்கிவிட்டது. பிள்ளைகள் வீட்டுக்கு அரிசி வடகமும் ஊறுகாயும் சுமந்து செல்லும் தாய்க்கு ஐந்து கிலோ கூடுதல் எடைக்கான கட்டணமும் வகுப்பு வேறுபாடும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும் நாள்களும் உண்டு. எனவே, சீட்டு எடுக்கும் முன் அந்தக் கட்டணப் பிரிவில் அனுமதிக்கப்படும் எடையையும் ரத்து விதியையும் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

மாற்று வழிகளையும் மறக்கக் கூடாது. எகானமியிலேயே முன்வரிசை இருக்கைகளும் அவசர வழியையொட்டிய இருக்கைகளும் சிறு கூடுதல் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம். ஆனால், ஆபத்தில் கதவைத் திறந்து உதவ வேண்டிய இடமாதலால் முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அங்கு அமர அனுமதியில்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் உயரமான இளைஞர்களுக்கு அது பொருத்தமானது. உணவைப் பொறுத்தவரை, ஏர் இந்தியாவின் உள்நாட்டு எகானமிப் பயணிகளுக்கும் உணவு உண்டு; தட்டின் தரத்துக்காக மட்டும் வகுப்பு மாற வேண்டியதில்லை.

சாதாரண இருக்கைக்கு என்ன நேர்கிறது?

இதுவரை சொன்னது பயணியின் பணப்பை பற்றியது. இதற்குப் பின்னால் பொதுநலன் சார்ந்த ஒரு கேள்வியும் இருக்கிறது. இன்று பிரீமியம் என்ற பெயரில் விற்கப்படும் 32 அங்குலம் வானத்துக்குப் புதிய அளவன்று. ஒரு தலைமுறைக்கு முன் எகானமி வகுப்பிலேயே பரவலாகக் கிடைத்த இடம்தான் அது. இடையில் சாதாரண இருக்கை சுருங்கியது. சுருங்கியதை மீட்டுத் தருவதற்கு இப்போது தனி விலை கேட்கப்படுகிறது.

பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் டுப்யூயி 1849-லேயே ரயில் கட்டணங்களை ஆராய்ந்து இதைச் சுட்டிக்காட்டினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விடுவது செலவை மிச்சப்படுத்துவதற்காக அன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணம் தர வல்லவர் கீழ் வகுப்பில் ஏறிவிடாமல் தடுப்பதற்காகவே என்பது அவர் விளக்கம். மேல் வகுப்பை விற்க வேண்டுமானால் கீழ் வகுப்பு சற்றுத் துன்பம் தருவதாக இருக்க வேண்டும். நம் ரயில்வேயும் இந்த வழியைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. 2021-இல் வந்த ‘மூன்றடுக்கு ஏ.சி. எகானமி’ பெட்டியில் 72 படுக்கைகள் இருந்த இடத்தில் 83 படுக்கைகள் பொருத்தப்பட்டன. கட்டணம் சற்றுக் குறைவு என்பதும், படுக்கைகளின் எண்ணிக்கையை ரயில்வே வெளிப்படையாக அறிவித்தது என்பதும் அங்கே ஆறுதல்.

விமானத்தில் அந்த வெளிப்படைத்தன்மை போதவில்லை. கட்டணம், வரி, பெட்டி எடை எல்லாம் பதிவுப் பக்கத்தில் இருக்கின்றன. இருக்கையின் இடைவெளி எத்தனை அங்குலம், வரிசைக்கு எத்தனை பேர் என்ற இரண்டு எண்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2018-இல் இயற்றப்பட்ட சட்டம், விமான இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவை வரையறுக்குமாறு அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பைப் பணித்தது. 2022-இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அளவு முடிவாகவில்லை. ஆபத்து நேர்ந்தால் 90 நொடிகளில் அனைவரும் வெளியேற முடிய வேண்டும் என்பது விமானங்களுக்கான பாதுகாப்பு விதி. நெருங்கிய வரிசைகளில் முதியவர்களும் பருமனானவர்களும் அந்த வேகத்தில் எழுந்து வெளியேற இயலுமா என்ற ஐயம் அங்கே எழுப்பப்பட்டது. இங்கேயும் அது எழுப்பப்பட வேண்டும்.

நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பயணிகளின் பக்கம் நின்று விதி வகுத்ததற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவருக்கு அருகிலேனும் இருக்கை தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் அது அறிவுறுத்தியது. அதே முறையில், ஒவ்வொரு வகுப்பின் வரிசை இடைவெளியையும் இருக்கையின் அகலத்தையும் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று உத்தரவிடலாம். நிறுவனங்களுக்கு இதனால் புதிய செலவு ஏதுமில்லை. சரக்கு, சேவை வரி மன்றமும் ஒன்றைப் பரிசீலிக்கலாம்: வரிசைக்கு ஆறு பேரை அமரவைக்கும் இருக்கையையும் சொகுசான பிசினஸ் இருக்கையையும் ஒரே 18 விழுக்காட்டில் வைப்பது நியாயமா?

அதுவரை, பயணி தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கும் குறைந்த பயணமென்றால் எகானமியில் நடைபாதையோர இருக்கையை முன்கூட்டியே எடுத்துவிடலாம். அதற்கு மேற்பட்ட பயணத்தில், வரியுடன் சேர்த்துக் கட்டணம் கால் பங்கு அளவுக்கு மட்டுமே கூடுகிறது என்றால் உயரமானவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் தாராளமாகப் பிரீமியம் எகானமி எடுக்கலாம். பாதிக்கு மேல் கூடினால், தேதி மாற்றமும் கூடுதல் எடையும் உண்மையிலேயே தேவைப்படுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரு மடங்கு கேட்கப்பட்டால், வரிசைக்கு நான்கு பேர் அமரும் இருக்கையா என்பதை உறுதி செய்யாமல் பணம் செலுத்தக் கூடாது. கடையம்போன்ற ஊர்களிலிருந்து புறப்படுபவர்களோ, வகுப்பைப் பற்றி யோசிக்கும் முன், மாறி ஏற வேண்டாத நேரடி விமானம் எந்த ஊரிலிருந்து கிடைக்கும் என்று பார்த்துவிடுவது நல்லது.